எருக்கம்பால் குடித்தும் சாகாத புழு



தருவைகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி கடற்கரையைப் பார்த்து நடந்தால் இரண்டு பக்கமும் நமக்குத் துணையாக வருவது எருக்கலஞ்செடிதான். உப்புக்காற்று, மணல், வெயில் எதற்கும் அசராமல் நிற்கும். ஆடு மாடு சாதாரணமாக அதில் வாய் வைப்பதில்லை. ஒரு இலையைக் கிள்ளினால் பால் பொட்டுப் பொட்டாகச் சொட்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போகிற பிள்ளைகளிடம் "பால் கண்ணுல பட்டா கண்ணு போயிரும்" என்று சொல்லி அனுப்புவார்கள். அது சும்மா பயமுறுத்தல் இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இவ்வளவு விஷம் உள்ள செடியில் பூச்சி இருக்குமா? அடுத்த முறை போகும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட ஒரு புழு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்புகளோடு, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி நிதானமாகத் தின்றுகொண்டிருக்கும். இதுதான் வளர்ந்து வெந்தய வரியன் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி ஆகிறது. அதே செடியில் மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்து பெயிண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். எருக்கு வெட்டுக்கிளி என்றே அதற்குப் பெயர். மஞ்சள் நிறத்தில் அசுவினிக் கூட்டமும் தண்டில் அப்பிக் கிடக்கும். மூன்றும் ஒன்றுக்கொன்று தூரத்து உறவுகூட இல்லை. ஆனால் மூன்றும் எருக்கம்பாலைக் குடித்துவிட்டு ஜம்மென்று இருக்கின்றன. எப்படி?

இந்தக் கேள்வியை நான் படித்துத் தெரிந்துகொள்ளப் போனதற்குக் காரணம் எருக்கு அல்ல, பருத்தி. அதையும் கடைசியில் சொல்கிறேன். முதலில் நம் பாடத்திலிருந்தே தொடங்குவோம்.

ஒரு பம்பின் கதை

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு பம்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்பு இருக்கிறது. சோடியம்-பொட்டாசியம் பம்பு என்று பெயர். ஒரு தடவை ஓடினால் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். அதற்கு எரிபொருள் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்பை ஓட்டவே போய்விடுகிறது என்றால் அதன் முக்கியத்துவம் புரியும். இது ஓடினால்தான் நரம்பில் மின்துடிப்பு போகும், இதயம் ஒழுங்காக அடிக்கும். இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கோ. 1957-ல் அவர் இதை எதில் கண்டுபிடித்தார் தெரியுமா? கடற்கரை நண்டின் கால் நரம்பில்! நாற்பது வருஷம் கழித்து, 1997-ல், வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. நண்டுக் காலை உறிஞ்சி எறிகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

எருக்கம்பாலில் கார்டினோலைடு என்ற வகை விஷங்கள் இருக்கின்றன. அரளியிலும் இதே வகைதான். இந்த மூலக்கூறு செல்லுக்கு வெளியிலிருந்து வந்து, பம்பின் வாயில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான், பம்பு ஜாம். கல் மாட்டிய இம்பெல்லர் மாதிரி. இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த டிஜாக்சினைத்தான் மிகமிகக் குறைந்த அளவில் இதய நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் ஆபத்து என்பதால் டாக்டர்கள் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள்.

கண் விஷயத்துக்கு வருவோம். கருவிழியின் உட்பக்கத்தில் ஒரே அடுக்காக உள்ள செல்கள் இந்தப் பம்பை வைத்துத்தான் கருவிழிக்குள் நீர் கோக்காமல் வடித்துக்கொண்டே இருக்கின்றன. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது போல. இறைப்பதை நிறுத்தினால்? கருவிழி வீங்கி, பார்வை புகை படிந்த மாதிரி மங்கும். எருக்கம்பால் பட்டு இப்படி வந்த நோயாளிகளைப் பற்றி நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பல நேரம் வலிகூடப் பெரிதாக இருக்காதாம். ஆகவே வீட்டில் சொன்னது சரிதான்.

மூன்று எழுத்து மாற்றம்

இப்போது நம் புழுவுக்கு வருவோம். அதன் உடம்பிலும் இதே பம்புதான் இருக்கிறது. பம்பு இல்லாமல் எந்தப் பிராணியும் உயிர் வாழ முடியாது. அப்படியானால் விஷம் ஏன் அதைப் பிடிக்கவில்லை?

1992-ல் ஜெர்மனியில் மைக்கேல் விங்க் குழுவினர் வெந்தய வரியனின் நெருங்கிய சொந்தமான அமெரிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் பம்பு மரபணுவைப் படித்தார்கள். இந்தப் பம்பின் முக்கிய பாகம் சுமார் 1000 அமினோ அமிலங்களைச் சங்கிலி போலக் கோத்துச் செய்தது. அதில் 122-வது இடத்தில் மற்றப் பிராணிகளுக்கு அஸ்பராஜின் இருக்கும். மொனார்க்குக்கு அங்கே ஹிஸ்டிடின் இருந்தது. அந்த இடம் சரியாக விஷம் வந்து உட்காரும் பள்ளத்தின் ஓரம்! பிறகு 111, 119 ஆகிய இடங்களிலும் மாற்றம் இருப்பது தெரிந்தது. 111-ல் லூசின் போய் வாலின், 119-ல் அலனின் போய் செரின்.

மரபுக் குறியீட்டுப் பட்டியலை எடுத்து வைத்து நானே சரிபார்த்தேன். மூன்று மாற்றத்துக்கும் டி.என்.ஏ.வில் ஒவ்வொரு எழுத்து மாறினாலே போதும். அஸ்பராஜினுக்கு ஏ-ஏ-சி. முதல் எழுத்து சி ஆனால் ஹிஸ்டிடின். மற்ற இரண்டிலும் அப்படியே, முதல் எழுத்துதான். பம்பைப் பிரித்து மாட்டவில்லை, புது மாடல் வாங்கவில்லை. மூன்று நட்டுகளை வேறு சைஸில் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். விஷம் பள்ளத்தில் வந்து உட்காரப் பார்க்கும், பிடிமானம் கிடைக்காது.

இதைவிட ஆச்சரியம் 2012-ல் வந்தது. ஜெர்மனியில் சுசேன் டோப்லர் குழுவும் அமெரிக்காவில் பீட்டர் அண்டால்பாட்டோ குழுவும் தனித்தனியாக, இந்த வகை விஷச் செடிகளைத் தின்னும் வண்டு, நாவாய்ப்பூச்சி, ஈ, வண்ணத்துப்பூச்சி என்று பல இனங்களின் பம்பு மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன குடும்பங்கள் இவை. ஆனால் திரும்பத் திரும்ப அதே 111, அதே 122! ஒருவரை ஒருவர் பார்க்காமல் பல ஹால்களில் பரீட்சை எழுதிய மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே விடை எழுதியிருந்தால் நம் சார் என்ன நினைப்பார்? காப்பி என்பார். இங்கே காப்பி அடிக்க வழியே இல்லை. பம்பைக் கெடுக்காமல் விஷத்தை மட்டும் தட்டிவிட வழிகள் மிகக் குறைவு. அதனால் பிழைத்தவை எல்லாம் அந்த ஒரே சந்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

"பழகிப்போச்சு" என்பது சரியா?

நம்மில் பலர் நினைப்பது என்ன? "கொஞ்சம் கொஞ்சமா தின்னு தின்னு பூச்சிக்கு விஷம் பழகிப்போச்சு." நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இது தவறு. எந்த ஒரு புழுவும் தின்று தின்று தன் மரபணுவின் எழுத்தை மாற்றிக்கொள்வதில்லை.

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். தருவைகுளத்துப் படகுகள் பருவலை கொண்டுபோய்க் கடலில் மிதக்கவிடும். பெரிய கண் வலை. அந்தக் கண்ணுக்குச் சரியான பருமன் உள்ள மீன் செவுளில் மாட்டும். சின்ன மீன் கண் வழியாகப் போய்விடும். தப்பித்த மீனைப் பார்த்து "இது வலைக்குப் பழகிவிட்டது, அதனால் சின்னதாகிவிட்டது" என்று யாராவது சொல்வோமா? அது ஏற்கெனவே சின்னது, அதனால் தப்பித்தது. அது முட்டையிடும், அதன் குஞ்சுகளுக்கு அந்தச் சின்ன உடம்பு பரம்பரையாக வந்தால் அடுத்த தலைமுறையில் சின்ன மீன் கூடும். வலை யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை, சலித்தது, அவ்வளவுதான்.

எருக்கம்பாலும் அப்படி ஒரு வலைதான். எழுத்துப் பிழை எல்லா உயிரிலும் தலைமுறைக்குத் தலைமுறை தற்செயலாக நடந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலானவை ஒன்றுக்கும் ஆகாதவை, சில கெடுதல். லட்சக்கணக்கான முட்டைகளில் ஏதோ ஒன்றில் பம்பின் சரியான இடத்தில் பிழை விழுந்தால், சாதாரண செடியில் அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. எருக்கின் மேல் விழுந்தால் அதுதான் ராஜா.

ஆனால் ராஜாவாக ஆவதற்கும் விலை உண்டு. 2019-ல் அமெரிக்காவில் நோவா வைட்மேன் குழுவினர் ஒரு பரிசோதனை செய்தார்கள். எருக்குக் குடும்பத்தையே பார்க்காத பழ ஈயை எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அதன் பம்பில் 111, 119, 122 மூன்றையும் மொனார்க் மாதிரி மாற்றினார்கள். ஈ அந்த விஷத்தைத் தின்று பிழைத்தது! அதன் உடம்பிலும் விஷம் கொஞ்சம் தங்கியது. ஆனால் 122 மட்டும் மாற்றிய ஈயைக் குப்பியோடு குலுக்கினால் நரம்பு செயலிழந்து மல்லாக்க விழுந்தது. விஷத்தைத் தாங்கும், ஆனால் பம்பு சரியாக ஓடவில்லை. 119-ஐயும் சேர்த்து மாற்றியபோது அந்தக் கோளாறு சரியானது. அதாவது நட்டுகளை எந்த வரிசையில் மாற்றுகிறோம் என்பது முக்கியம். வரிசை தவறினால் நடுவழியிலேயே இனம் நொண்டும். மெஷின் ஷாப்பில் அசெம்பிளி வரிசை தவறி மார்க் இழந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

தாங்குவதோடு புழு நிற்பதில்லை, விஷத்தைச் சேமித்தும் வைக்கிறது. அமெரிக்காவில் லிங்கன் பிரவர் 1960-களில் செய்த சோதனையில், விஷச் செடியில் வளர்ந்த மொனார்க்கைத் தின்ற பறவை சற்று நேரத்தில் வாந்தி எடுத்தது; பிறகு அந்த நிறத்தைப் பார்த்தாலே ஒதுங்கியது. 1967-ல் எருக்கு வெட்டுக்கிளியின் சொந்தமான ஒரு வெட்டுக்கிளியிலும் இதே விஷம் சேர்த்து வைக்கப்பட்டிருப்பதை, நோபல் பரிசு பெற்ற ரைக்ஸ்டைனும் மிரியம் ரோத்ஸ்சைல்டும் அடங்கிய குழு காட்டியது. அந்தப் பளபளப்பு நிறங்கள் எல்லாம் அழகுக்கு இல்லை, "என்னைத் தொடாதே" என்ற போர்டு. வெந்தய வரியனைப் போலவே வேஷம் போட்டு ஏமாற்றும் வேறொரு வண்ணத்துப்பூச்சியும் நம் நாட்டில் உண்டு. அதில் பெண் மட்டும்தான் வேஷம் போடும். அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு ஆகும்.

இங்கே ஒரு சுவையான விலக்கு. அரளியைத் தின்னும் வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. நம் கல்லூரிகளில் எல்லாம் அரளிச்செடி உண்டு, பார்த்திருப்பீர்கள்; வெள்ளிப் பூச்சு பூசிய மாதிரி கூட்டுப்புழு தொங்கும். அதன் பம்பில் இந்த மாற்றம் இல்லை! பழைய பம்புதான். விஷத்தை அது உடம்பில் சேர்த்து வைப்பதும் இல்லை. வரியன் குடும்பத்தில் 16 இனங்களை ஒப்பிட்டு 2013-ல் கியோர்க் பெட்சென்கா குழுவினர் காட்டியது இதுதான்: விஷச் செடியைத் தின்பதற்கு மட்டும் பம்பை மாற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. விஷத்தைச் சேமித்து எதிரியை மிரட்ட நினைக்கிற இனங்களில்தான், படிப்படியாக, பம்பு மாறியிருக்கிறது. செடி ஒரு பக்கம் தள்ள, பறவை மறுபக்கம் தள்ள, நடுவில் மரபணு நகர்ந்திருக்கிறது.

வேறு வழிகள்

பம்பை மாற்றுவது ஒரு வழி. விஷத்தை உடைப்பது இன்னொரு வழி. பருத்தி இலையை வெயிலில் பிடித்துப் பார்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை காசிப்பால் என்ற விஷம் உள்ள சுரப்பிகள். பச்சைக் காய்ப்புழு தன் குடலில் பி-450 என்ற நொதிகளை வைத்து அதைச் சமாளிக்கிறது. 2007-ல் ஷாங்காய் விஞ்ஞானிகள் அப்படி ஒரு நொதியின் மரபணுவை அடக்கியதும் புழுவின் வளர்ச்சி குன்றியது. இதில் நமக்கு ஒரு ஆபத்தும் இருக்கிறது. காசிப்பால் தின்று இந்த நொதிகள் கூடிய புழு, நாம் அடிக்கும் சில பூச்சிமருந்துகளையும் கூடுதலாகத் தாங்குகிறது. செடி நடத்திய டிரெய்னிங்கில் தேறியவனுக்கு நம் மருந்து சப்ளிமென்டரி பரீட்சை மாதிரி!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது வெள்ளை ஈ. கத்தரி, பருத்தி, வெண்டை எதையும் விடாத அதே வெள்ளை ஈதான். 2021-ல் சீன விஞ்ஞானிகள் கண்டது: செடி தன் சொந்த விஷம் தன்னையே கெடுக்காமல் இருக்க வைத்திருக்கும் ஒரு மரபணுவை, வெள்ளை ஈயின் முன்னோர் எப்போதோ செடியிடமிருந்தே பெற்றுக்கொண்டுவிட்டன. வீட்டுக்காரன் பூட்டுக்கு அவன் சாவியையே திருடி வைத்துக்கொண்ட கதை. அந்த மரபணுவை அடக்கும்படி செய்த தக்காளிச் செடியைத் தின்ற வெள்ளை ஈக்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன.

மாமாவின் பருத்தி

இப்போது பருத்திக்கு வருகிறேன். என் தாய்மாமாவுக்கு விளாத்திகுளம் பக்கம் கரிசல் காடு. மானாவாரி. போன முறை போனபோது ஒரு காயை உடைத்துக் காட்டினார். உள்ளே ரோஸ் நிறத்தில் புழு. பஞ்சு கறை பட்டு, கொட்டை தின்னப்பட்டுக் கிடந்தது.

"பி.டி. விதைன்னுதான் மாமா போட்டீங்க?"

"ஆமா மருமகனே. புழுவுக்கு அதுவும் பழகிப்போச்சாம். கடைக்காரன் அதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுத்தான். அடிச்சு அடிச்சு கைக்காசும் போச்சு."

அந்த "பழகிப்போச்சு" என்ற வார்த்தைதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

பி.டி. என்பது பருத்தியின் சொந்த விஷம் இல்லை. மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியாவின் புரத மரபணுவைப் பருத்திக்குள் வைத்தது. இந்தியாவில் 2002-ல் ஒரு விஷத்தோடு அனுமதி, 2006-ல் இரண்டு விஷத்தோடு. புழுவின் குடல் சுவரில் உள்ள கேடரின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் முதல் விஷம் வேலை செய்யும். 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் விஷத்தைத் தாங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. சில ஆண்டுகளில் இரண்டாவதையும் தாங்கியது. இந்தியப் புழுக்களின் கேடரின் மரபணுவை 2014-ல் பார்த்தால், ஒரே மாதிரி அல்ல, பலவிதமாக உடைந்து கிடந்தது. எருக்குப் புழு மூன்று நட்டை நுணுக்கமாக மாற்றியது. இதுவோ கதவுக் கைப்பிடியையே பிய்த்து எறிந்துவிட்டது. பம்பை அப்படிப் பிய்க்க முடியாது, உயிர் போய்விடும். கைப்பிடி இல்லாமல் வாழ முடிகிறது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனியுங்கள். இந்த எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் உடைந்த மரபணு வந்தால்தான் புழு பிழைக்கும். ஒன்று மட்டும் உடைந்திருந்தால் சாகும். உடைந்த மரபணு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உடைந்தது பத்து லட்சத்தில் ஒன்று. காடு முழுக்க பி.டி. மட்டும் இருந்தால் அந்தப் பத்து லட்சத்தில் ஒன்றுதான் மிஞ்சும். அதற்கு ஜோடியும் அதைப் போலவே மிஞ்சிய ஒன்றுதான். பிள்ளைகள் எல்லாம் நூற்றுக்கு நூறு தாங்கும். பக்கத்தில் சாதாரணப் பருத்தி கொஞ்சம் இருந்தால் அங்கே உடையாத மரபணு உள்ள அந்துப்பூச்சிகள் ஏராளமாக இருக்கும். மிஞ்சிய ஒன்று அவற்றோடுதான் சேரும். பிள்ளைகளுக்கு ஒன்று உடைந்தது, ஒன்று நல்லது. பி.டி. செடியில் அவை சாகும்.

அதற்காகத்தான் விதைப் பையோடு 120 கிராம் சாதாரண விதைப் பொட்டலம் தனியாகக் கொடுத்தார்கள்; ஓரத்தில் ஐந்து வரிசையாவது நட வேண்டும் என்று விதி. பின்னர் ஒரே பையில் கலந்து தரும் முறையும் வந்தது. "அந்தச் சின்னப் பொட்டலமா? அது மட்ட ரகம்னு நெனச்சு வரப்புல தூக்கிப் போட்டேன்" என்றார் மாமா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதற்கு அந்தப் பொட்டலம் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று பல வீடுகள் உண்டு. அங்கெல்லாம் சாதாரண மரபணு பிழைத்துக்கொண்டிருக்கும். இளஞ்சிவப்புப் புழு பெரும்பாலும் பருத்தியையே நம்பி வாழ்வது. நாம் ஒதுக்கிக் கொடுத்தால்தான் அதற்கு ஒதுக்கிடம்.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில் இரண்டாம் தலைமுறைக் கலப்பு விதை போட்டதில் கால்வாசிச் செடிகள் தானாகவே பி.டி. இல்லாமல் வளர்ந்தன; புழுவின் எதிர்ப்பு கூடுவதற்குப் பதில் குறைந்தது. அமெரிக்காவில் ஒதுக்கிடமும், மலட்டு அந்துப்பூச்சிகளை வானிலிருந்து விடுவதும் சேர்ந்து, 2018-ல் இந்தப் புழுவே அங்குள்ள பருத்திக் காடுகளில் இல்லை என்று அறிவித்தார்கள்.

போன மாதம் இதையெல்லாம் மாமாவிடம் ஒரு நோட்டுத் தாளில் கட்டம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ இந்தக் காட்டுல மிஞ்சுன புழு இப்ப எங்க மருமகனே இருக்கு?" என்றார். பறிப்பு முடிந்த பிறகு காய்ந்த காயோடு கிடக்கும் பருத்திமாரில் என்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தோம். வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குப் பருத்திமார் அடுக்கி வைத்திருந்தது. மாமா எழுந்து போய் ஒரு குச்சியை உருவி, அதில் ஒட்டியிருந்த காயை நசுக்கிப் பார்த்தார். இரண்டு கொட்டைகளை ஒட்டவைத்து அதற்குள் புழு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கே கொளுத்திருவோம்" என்றார் மாமா.

அத்தை அடுப்படியிலிருந்தே சத்தம் கொடுத்தார்கள்: "கொளுத்துங்க, கொளுத்துங்க. மழைக்கு அடுப்புல என்னத்த வைக்க? ரெண்டு பேரும் வந்து உக்காருங்க."

கடைசியில் காயை எல்லாம் ஒடித்து எடுத்துக் கொளுத்துவது, மாரை மட்டும் அத்தைக்கு விடுவது என்று முடிவாயிற்று. மூன்று பேருக்கும் ஒன்றரை நாள் வேலை. கையெல்லாம் கீறல்.